சாகாவரம் கேட்ட பாட்டரி

ரேணிகுண்டாவில் இறங்கித் திருமலை ஏறும் நம்மவர்கள், பக்கத்துக் கரகம்பாடியைக் கவனிப்பதில்லை. 1985-இல் தொடங்கிய அமர ராஜா கம்பெனியின் ஆலை அங்கேதான். 2000-இல் பச்சை நிறத்தில் ‘அமரான்’ பாட்டரியை அவர்கள் கொண்டுவந்தபோது, அமிர்தம் உண்ட அமரர்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். தேவர்கள் குடித்துச் சாகாவரம் பெற்றார்கள். இதுவோ குடிக்காமலே நீடிக்கிறது! ஈயத்தில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் சேர்த்தால் தண்ணீர் அவ்வளவாகக் குறையாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே அலுத்த என் ஆபீஸ் ஜீப் டிரைவர் இதை நம்பியிருக்கமாட்டார்.

ஆனாலும் சித்தூர் வெயிலில் அமரனுக்கும் ஆயுள் குறையும். செத்துப்போன பாட்டரி ஒன்றை, சில நூறு ரூபாய்க்காக, ஈயம் உருக்கும் ஒருவரிடம் போட்டேன். புகைக்குப் பக்கத்தில் அவர் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. கெமிஸ்ட்ரி படித்தவன் நான்! இப்போதெல்லாம் வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுகிறேன். அதற்கான விதிகள் 2001-லேயே வந்துவிட்டன. எனக்குத்தான் புத்தி தாமதம்.