முதலில் மூடி, பிறகு மீன்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் சில வீடுகளில் கடல்நீர் மீன் தொட்டி வந்துவிட்டது. இன்னும் சிலர் வாங்கும் யோசனையில் இருக்கிறீர்கள். கோபி, ஃபயர்ஃபிஷ், ராஸ் போன்ற மீன்கள் வேண்டும் என்றால், முதலில் மூடியை வாங்குங்கள். மீனைப் பிறகு வாங்கலாம்.

கோபி என்பது நமக்குத் தெரிந்த உளுவை இனம்தான். துள்ளுவது அதன் சேட்டை அல்ல, உயிர் தப்பும் வழி. அட்லாண்டிக் கரையோரக் கோபி ஒன்று, கடல் வற்றும்போது பாறைக் குழியில் இருந்தால், ஆபத்து வந்ததும் பக்கத்துக் குழிக்குக் குறி தவறாமல் தாவும். நீர் ஏறியிருந்தபோது நீந்திய இடங்களை அது நினைவில் வைத்திருக்கிறது என்று அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் லெஸ்டர் அரான்சன் 1951-இல் எழுதினார். நம் வீட்டுக் கூடத்தில் பக்கத்துக் குழி இல்லை. டைல்ஸ் தரைதான் இருக்கிறது.

எப்போது துள்ளும்? புதிதாக விட்ட முதல் சில நாட்களில், பெரிய மீன் விரட்டும்போது, விளக்கு சட்டென்று அணையும்போது. மின்வெட்டு நேரத்துக்கு இன்வெர்ட்டரில் ஒரு சிறு இரவு விளக்கு போதும். ஒளிந்துகொள்ள இரண்டு அங்குல மணலும், கல் இடுக்கும், ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும் வையுங்கள். ஜோடி சேராத இரண்டு ஃபயர்ஃபிஷ்களை ஒரே தொட்டியில் விடாதீர்கள். ஒன்று மற்றதை விரட்டும்.

கண்ணாடியால் இறுக்கி மூடினால் காற்றோட்டம் குறையும், நீர் சூடாகும். ஜன்னல் கொசுவலைச் சட்டம் போல ஒன்று செய்து, கால் அங்குலக் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையை மாட்டுங்கள். ஒல்லியான சிறு மீன்களுக்கு இன்னும் சிறிய கண் வேண்டும். இரும்பு வலை துருப்பிடிக்கும். செம்பும் பித்தளையும் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. ஒயர், குழாய் போகும் சந்துகளையும் அடையுங்கள். வலை வழியே நீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு நீரை அல்ல.

மீனைக் காணோம் என்றால் தொட்டியின் பின்புறமும் நீர் வழியும் பெட்டியும் பாருங்கள். தரையில் கிடந்தால், காய்ந்தது போலத் தெரிந்தாலும், ஈரக் கையால் எடுத்துத் தொட்டி நீரில் விட்டுச் செவுள் அசைகிறதா என்று கவனியுங்கள். சில பிழைத்துவிடும்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, "ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்" என்று சொல்லிப் போகிறோம். தீனி போட்ட பின் மூடியைச் சாத்தவும் சொல்லுங்கள். தொட்டியின் மேல் ஒரு சீட்டில் எழுதியும் ஒட்டுங்கள். வங்கியில் பெட்டக அறையைப் பூட்டியதும் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்போம். தொட்டிக்கும் அந்தப் பழக்கம் நல்லது.