தாளும் தேதியும்: முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கவனத்திற்கு

(வரதராஜன்பேட்டையில் நடந்த குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வரவு செலவைப் படித்து, ஜகாத் பங்கீட்டைச் சொல்லி முடிப்போம். இன்று நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல நினைக்கிறோம்.

நம் வட்டாரத்தில் ராணுவத்தில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் இருந்தார். வெளியூர் தனியார் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தார். ஆறாம் நாள் மையத்தாக வீடு திரும்பினார். ஜனாஸாவில் கலந்துகொண்டோம். அவருடைய மனைவி திரைக்குப் பின்னாலிருந்து, "வயிறு உப்பிக்கிட்டே போகுதுன்னு நாலு நாளா சொன்னேன், வாயுத் தொல்லைன்னாங்க" என்று அழுதார். "அல்லாஹ் நாடியது நடந்தது, பொறுமையாக இருங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தோம். பிறகு இரண்டு பிள்ளைகளின் படிப்புக்காக மாதந்தோறும் ஜகாத் நிதியிலிருந்து ஒரு தொகை கொடுத்து வந்தோம்.

நாங்கள் சொன்ன வார்த்தை தவறல்ல. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

மூன்றாண்டு கழித்து மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு அந்த அம்மா வந்தபோதுதான், "ராணுவத் தாள்கள் ஏதும் இருக்கிறதா?" என்று முதன்முதலாகக் கேட்டோம். தகரப் பெட்டியோடு வந்தார். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மருத்துவமனைக்குக் கட்டிய ரசீதுகள், எல்லாம் அதில் இருந்தன. ஜெயங்கொண்டத்தில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டினோம். அவர் சொன்னார்: "தவறு நடந்ததா இல்லையா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது பாய். அதைச் சொல்ல வேண்டிய கேஸ் ஷீட் நம் கையில் இல்லை. வழக்குப் போடும் காலமும் போய்விட்டது."

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் காலம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். ஆனால் மருத்துவமனை நோயாளியின் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பது விதி. அதன் பிறகு எதைக் காட்டி வழக்காடுவது? மூன்றாண்டும் நாங்கள் மாதாமாதம் அந்த வீட்டு வாசலுக்குப் போய்வந்தோம். ஒருநாளும் கேட்கவில்லை. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

இனி இது நடக்கக்கூடாது என்பதற்காக இன்னொரு செய்தியையும் சொல்கிறோம். நாடாளுமன்றம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து 2002இல் எல்லையில் படைகள் குவிக்கப்பட்டன. அப்போது பணியிலிருந்த ஒரு விமானப்படை வீரருக்கு உடல்நலம் கெட்டு, ஜம்மு காஷ்மீரின் சாம்பாவில் உள்ள ராணுவ மருத்துவமனையில் ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். 2014இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி! அவர் சோர்ந்துவிடவில்லை. சிகிச்சைப் பதிவேடுகளைத் தேடினார், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021இல் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் போனார். 2023 செப்டம்பர் 26 அன்று நீதிபதிகள் ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு, விமானப்படையும் ராணுவமும் மருத்துவ அலட்சியத்துக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, சுமார் 1 கோடியே 54 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நாட்டின் படையே ஆனாலும் பதில் சொல்ல வேண்டும் என்றால், தனியார் மருத்துவமனை எம்மாத்திரம்?

மருத்துவ அறிவு பெறாமல் வைத்தியம் செய்து கெடுதல் விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி இருப்பதை ஆலிம்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஈடு கேட்பது கத்ரை மறுப்பதாகாது.

அதே நேரம் நீதமும் வேண்டும். நோயாளி இறந்ததனாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். அவருடைய துறையில் சாதாரணமாக எதிர்பார்க்கப்படும் கவனத்தைக் காட்டினாரா என்பதே கேள்வி என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே மருத்துவமனையில் சத்தம் போடுவதும் கண்ணாடியை உடைப்பதும் நம் பிள்ளைகள் மீதுதான் வழக்காகத் திரும்பும். செய்ய வேண்டியது வேறு.

சந்தேகம் இருந்தால் உடனே கேஸ் ஷீட், பரிசோதனை அறிக்கைகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. இத்தாவில் இருக்கும் சகோதரி அலைய வேண்டியதில்லை. அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு தம்பியோ மகனோ போகலாம். ரசீது, மாத்திரைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். பிறகு வேறொரு மருத்துவரிடம் காட்டி எழுத்தில் கருத்துக் கேளுங்கள்.

"காப்பீட்டில் பார்த்தோம், நாங்கள் பணம் கட்டவில்லையே" என்று சிலர் தயங்குகிறார்கள். நமக்காகக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது இலவசச் சேவை ஆகாது என்று 1995இல் சாந்தா வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் ஆணையத்தில் வராது. அதற்கு சிவில் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று வேறு வழி உண்டு. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை.

இப்போது அந்த மகளின் படிப்புக்கு வருவோம். பெட்டியில் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகம் அங்கே கைகொடுத்தது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும். முதலாமாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாமாண்டில் போய்க் கேட்டால் கிடைக்காது. பாதுகாப்பு அமைச்சரின் நலநிதியிலிருந்து, ஹவில்தார் வரையிலான நிலையில் இருந்தவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை கல்வி மானியம் உண்டு. ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பொறியியல், மருத்துவக் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடும் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும்.

அந்த மகளின் விண்ணப்பம் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்கு மூன்று வாரம் அலைந்தோம். காரணம் பெயர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. ஒன்றில் பேகம், இன்னொன்றில் பீவி. முகம்மது என்ற பெயரையே நம் வீடுகளில் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறோம். நிக்காஹ் பள்ளிவாசல் தப்தரில் இருந்தால் போதும் என்று ராணுவப் பதிவில் மனைவி, பிள்ளைகளின் பெயரைச் சேர்க்காமல் விட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்வது எளிது. அவருக்குப் பின்னால் மனைவி தனியாகச் செய்வது எவ்வளவு கடினம் என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

கடன் கொடுத்தால் எழுதிவையுங்கள், சாட்சி வையுங்கள் என்று பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் எவ்வளவு விரிவாகக் கட்டளையிடுகிறது! குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். எழுதிவைப்பது நம்பிக்கைக் குறைவு என்றால் அந்தக் கட்டளை ஏன்?

இன்னொன்றும் எங்கள் மனதை உறுத்துகிறது. அந்தக் குடும்பத்துக்கு அரசிடம் உரிமைத் தொகை இருந்தது. அதைக் கேட்டு வாங்கித் தந்திருந்தால், நாங்கள் கொடுத்த ஜகாத் வேறு வழியே இல்லாத ஒரு வீட்டுக்குப் போயிருக்கும்.

ஆகவே அறக்கட்டளை சில முடிவுகளை எடுத்திருக்கிறது. இனி தஃஜியத்துக்குப் போகும் எங்கள் உறுப்பினர், ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து தாள்களைப் பற்றிக் கேட்பார். துக்க வீட்டில் இதைக் கேட்கலாமா என்று கோபப்படாதீர்கள். நுகர்வோர் வழக்குச் செலவுக்கு வட்டியில்லாக் கடன் தருவோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்ப ஆள் இருப்பார். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ, இந்து சகோதரர்களில் ராணுவத்தில் இருந்தவர்கள் உண்டு என்றால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து தாள்களை ஒருமுறை பாருங்கள். பெயர் பொருந்துகிறதா, எந்தத் தேதி நெருங்குகிறது என்று பாருங்கள்.

மரணித்த அந்தச் சகோதரருக்கு அல்லாஹ் ஜன்னத்துல் ஃபிர்தௌஸை வழங்குவானாக. அவருடைய பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.