பெற்றோரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு

இன்றைய அரங்கின் கேள்வி இதுதான்: விடுமுறைக்கு ஐரோப்பா போகிறவர்கள் அங்குள்ள பழைய நகரங்களில் எவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இது துரை பங்களாவில் மட்டும் நடந்த பேச்சு. துரை விடுப்பில் சீமைக்குப் போவார். தோட்டம் வழியனுப்பி வைக்கும். இன்றோ பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் தங்கள் பெற்றோரைச் சீமைக்கு அழைத்துப் போகிறார்கள். பெருமைப்பட வேண்டிய மாற்றம் இது.

ஆனால், போகிற விதத்தைப் பாருங்கள். பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் வருகிறது. மகள் பணத்தைக் கட்டிவிடுகிறாள். காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டி, பேருந்தில் ஏறி, ஒரு கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் பேருந்து. முட்டிவலிக்கார அம்மா பாதி இடங்களில் இறங்குவதே இல்லை. வீடு திரும்பியதும் உறவினர்கள் கேட்கிறார்கள், "என்னம்மா பார்த்தீங்க?" அம்மா சொல்கிறார், "ரொம்பக் குளிரு." பல்லாண்டுச் சேமிப்பு அந்த இரண்டு சொல்லில் முடிந்துபோகிறது. பெரும்பாலான பெற்றோருக்கு இது வாழ்நாளில் ஒரே ஒரு பயணம். தவறவிட்டால் மறுமுறை இல்லை.

அதனால் ஓர் எளிய அளவுகோலைச் சொல்லலாம். எந்த நகரத்தின் கதையில் பாதி பெற்றோருக்கு ஏற்கெனவே தெரியுமோ, அந்த நகரத்துக்கு முதலில் போக வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதல் நகரம் லண்டன். அரண்மனைக்காக அல்ல, கியூ தாவரவியல் பூங்காவுக்காக. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்தார். கியூவில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வித்திட்டவை அவைதாம். நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் நிரைக்குப் போன ஒரு தாய்க்கு, தன் பிழைப்பு எங்கே முளைவிட்டது என்று அங்கே காட்டலாம். 1848இல் கட்டி முடிக்கப்பட்ட கண்ணாடி மாளிகையில் வெப்பமண்டல மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து இளைப்பாறவும் செய்யலாம்.

இரண்டாவது ஆம்ஸ்டர்டாம். லண்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். புக்கிட் மெலாவாத்தியில் குரங்குகளுக்குத் தீனி கொடுத்த நினைவு இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கும். 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் குன்றின் கோட்டையைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். 1907இல் அங்கே எழுந்த கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் அந்த டச்சுப் பெயர்தான். அந்த டச்சுக் கம்பெனியின் செல்வத்தைப் பார்க்க வேண்டுமானால், ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கரை மாளிகைகளைப் பார்க்க வேண்டும்.

அதே ஊரில் 1638இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் ஒன்று உண்டு. 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தவை. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலி வட்டாரத்தில் பரவின. அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது எங்கே? பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்து 2007இல் பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறிய ஊரின் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்! அங்கே குலை வெட்டிய தகப்பனாருக்கு இதைவிடச் சொந்தமான ஊர் ஐரோப்பாவில் எது?

ஆம்ஸ்டர்டாமிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயிலில் போனால் லெய்டன். லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் அந்த ஊரால் வந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடையளித்ததைச் சொல்லும் செப்பேடுகள் அவை. கடாரத்து அரசன் என்று அந்த மன்னரைக் குறிக்கின்றன. கடாரம் என்பது நம் கெடா. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது வீட்டுக் கதை. செப்பேடுகளைத் திருப்பித் தருமாறு இந்தியா கேட்டது. ஆகவே, இப்போது எங்கே பார்க்கலாம் என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

மூன்றாவது பாரிஸ். தென்னமரத்தில் செம்பனையைப் பயிரிட்ட ஹென்றி ஃபோகோனியே ஒரு பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. 1966இல் கோலாலம்பூரில் தொடங்கிய உலகத் தமிழ் மாநாடு 1970இல் மூன்றாவது முறையாகக் கூடியதும் பாரிஸில்தான். ஒரு வாரமாகத் தோசைக்கு ஏங்கியிருக்கும் அம்மாவை லா ஷபெல் வட்டாரத்துக்கு அழைத்துப் போனால் போதும். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும்.

"அப்படியானால் ரோம், வெனிஸ் எல்லாம் வேண்டாமா?" என்று இளையோர் கேட்கலாம். அவையும் அருமையான நகரங்களே. கால்வலி இல்லாதவர்கள் இன்னொரு விடுமுறையில் போகலாம். இந்தப் பயணம் பெற்றோருக்கானது.

"நம்மவர் உழைப்பில் செழித்த ஊர்களைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், உழைத்தவரே நேரில் நின்று பார்க்கும்போது, அந்த மாளிகைகளுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அது எந்த வழிகாட்டியும் சொல்லாத கதை.

ஒரே ஒரு வேண்டுகோள். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரை அவர்கள் வேலை செய்த தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. லயம் எங்கே இருந்தது, பால் நிறுத்த இடம் எது, கங்காணி யார் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைக் கேட்ட பிள்ளைகள் கியூவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அப்பா அம்மாவைத்தான் கேள்வி கேட்பார்கள். அம்மாவுக்கும் குளிரைத் தவிரச் சொல்ல நிறைய இருக்கும்.