முதற்பாட்டும் வழிப்பாட்டும்



1965ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் கடைகளுக்கு ஓர் இசைத்தட்டு வந்து சேர்ந்தது. அதன் மேலட்டையில் தலைப்பும் இல்லை. குழுவின் பெயரும் இல்லை. டேவிட் பெய்லி எடுத்த நிழற்படத்தில் ஐந்து இளைஞர்களின் முகங்கள் மட்டுமே இருந்தன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பிரித்தானியாவில் வெளியிட்ட இரண்டாம் நெடுந்தட்டு அது. அந்நாட்டின் விற்பனைப் பட்டியலில் மொத்தம் பத்து வாரங்கள் அது முதலிடம் பெற்றிருந்தது.

அதன் பன்னிரண்டு பாடல்களுள் மூன்றே மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் இயற்றியவை. எஞ்சிய ஒன்பதும் பிறர் முன்னரே பாடியவை. அவற்றுள் மிகப் பல, 'ரிதம் அண்ட் புளூஸ்' என வழங்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைமரபிலிருந்து வந்தவை. இரவல் பாட்டுகளால் புகழ் எய்திய இத்தட்டு, முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாட்டில் ஊறிய தமிழ் மாணாக்கருக்குப் பழகிய வினா ஒன்றையே எழுப்புகிறது. முன்னோன் முடிபை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துரைப்பது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. அவ்வேறுபாடு இத்தட்டில் எங்கே உள்ளது?

மட்டி வாட்டர்ஸ் 1948இல் பதிவுசெய்த 'ஐ கான்ட் பி சேட்டிஸ்ஃபைட்' என்னும் பாட்டை முதலிற் காணலாம். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்திலிருந்து 1943இல் சிகாகோ நகருக்குப் பெயர்ந்தவர் அவர். ஊர்ப்புறத்து இசையை மின்கிதாரில் ஏற்றிய அப்பாட்டுக்குத் துணை ஒரு பெரிய பாஸ் வாத்தியம் மட்டுமே. ஸ்டோன்ஸ் குழுவின் பெயரே 1950இல் வெளிவந்த அவரது மற்றொரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். 1964 சூனில் அவ்விளைஞர்கள் சிகாகோவின் தென் மிச்சிகன் சாலை 2120ஆம் எண் கட்டடத்திற்கே சென்றனர். மட்டி வாட்டர்ஸின் தட்டுகளை வெளியிட்ட செஸ் நிறுவனத்தின் பதிவுக்கூடம் அது. ரான் மாலோ என்னும் ஒலிப்பதிவாளர் அங்கு அவர்களுக்குத் துணைநின்றார். தந்திகளின்மேல் குழலை வழுக்கவிட்டு வாசிக்கும் முறையைப் பிரையன் ஜோன்ஸ் எத்துணைப் பணிவோடு கற்றிருந்தார் என்பதை அப்பதிவு காட்டும். ஜாகரின் குரலில் அந்நிறைவு இல்லை. ஊர் துறந்தவனின் ஏக்கத்தை இருபது வயது இலண்டன் இளைஞரிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. கருவி வென்றது, குரல் தோற்றது எனலாம்.

'அண்டர் தி போர்டுவாக்' பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. டிரிஃப்டர்ஸ் குழுவினரின் இனிமை அதில் இல்லை. மாற்றாக வேறொன்றும் இல்லை.

'பெயின் இன் மை ஹார்ட்' என்னும் பாட்டின் வழி இன்னும் வளைந்தது. ஸ்டோன்ஸ் இதனை ஓட்டிஸ் ரெடிங்கிடமிருந்து பெற்றனர். ஓட்டிஸ் ரெடிங்கின் பாட்டோ, நியூ ஆர்லியன்சின் பாடகி இர்மா தாமஸ் 1963இல் பாடிய 'ரூலர் ஆஃப் மை ஹார்ட்' என்பதன் மறுவார்ப்பு. அதனை இயற்றியவர் ஆலன் டூசான். தம் தாயின் கன்னிப்பெயரான நவோமி நெவில் என்பதைப் புனைபெயராகக் கொண்டவர். இத்தட்டின் மிகப் புகழ்பெற்ற பாட்டான 'டைம் இஸ் ஆன் மை சைட்' என்பதும் ஸ்டோன்ஸுக்குமுன் இர்மா தாமஸ் 1964இல் பாடியதே. கை விண்டிங் என்பவர் 1963இல் வாசித்தபோது ஏறத்தாழ வெறும் பல்லவியாக இருந்த அதற்கு, இர்மாவுக்காகச் சரணங்கள் சேர்ந்தன. அவர் இடையே வசனம்போற் பேசும் பகுதியையும் ஜாகர் விடாது பின்பற்றினார்.

ஆக, ஒரு தட்டின் இருவேறு பாட்டுகள் ஒரே பெண்ணின் குரலைச் சென்று தொடுகின்றன. தட்டில் இயற்றியோர் பெயர் உண்டு. முன்பாடியோர் பெயருக்கு இடமில்லை. பதிப்புரிமைச் சட்டமும் அவ்வாறே இயற்றியோர்க்குப் பொருள் தரும். பாடி உயிரூட்டியவர்க்கு மறுபதிவால் ஒன்றும் வாராது. பாயிரம் கூறவேண்டியவற்றுள் 'வழி'யையும் ஒன்றாக எண்ணியவர் நம் இலக்கணத்தார். இத்தட்டின் பின்னட்டையில் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டாம் எழுதிய பாயிரமோ, தட்டு வாங்கக் காசில்லையெனில் கண்ணற்றவரை அடித்துப் பறிக்கலாம் என வேடிக்கை பேசிற்று. கண்டனம் எழவே, பின்வந்த படிகளில் டெக்கா நிறுவனம் அதனை நீக்கியது.

கேட்போர் 'ஸ்டோன்ஸ் பாட்டைப் பாடுகிறார்' என்று கருதத் தொடங்கியபின், இர்மா தாமஸ் தம் பாட்டை மேடையிற் பாடுவதையே பல்லாண்டுகள் நிறுத்தியிருந்தார். இழப்பின் அளவை விற்பனைக் கணக்கு காட்டாது.

ஆயினும் ஸ்டோன்ஸ் குழுவினரைக் கள்வர் எனக் கூறி முடிப்பதும் நேர்மையன்று. 1965 மே திங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தாம் தோன்றவேண்டுமெனில் புளூஸ் மேதை ஹவுலின் உல்ஃபும் தோன்றவேண்டும் என வற்புறுத்தினர். அவர் பாடும்போது அவர் காலடியில் அமர்ந்திருந்தனர். அதே ஆண்டில் அவர்கள் தாமே இயற்றிய 'சேட்டிஸ்ஃபேக்‌ஷன்' என்னும் பாட்டை ஓட்டிஸ் ரெடிங் எடுத்துப் பாடினார். தலைப்பில் மட்டி வாட்டர்ஸின் சொல் நிழலாடும் அப்பாட்டு, வழிப்பாட்டுக்காரரிடமிருந்து முதற்பாட்டுக்காரர் கைக்கு மீண்ட விந்தை அது.

2024 மே 2ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் இசைவிழாவில் ஸ்டோன்ஸ் பாடினர். இடையில் எண்பத்து மூன்று வயது இர்மா தாமஸ் மேடையேறினார். 'டைம் இஸ் ஆன் மை சைட்' என்னும் பாட்டை ஜாகரும் அவரும் சேர்ந்து பாடினர். அவருடைய ஊரில், அவருடைய மக்கள் முன்னிலையில்.