குழந்தைக்குக் கொரோனா வந்தால்



பொன்முடிக்குப் போகிற வழியில் இருக்கிறது நம் கல்லாறு. நல்ல தண்ணீர், நல்ல காற்று. இந்த மலைக்கு நோய் ஏறி வராது என்றுதான் பலரும் நினைத்தோம். இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி நம் கேரளத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார். அது திருச்சூரில், 2020 ஜனவரி 30 அன்று. பிறகு நோய் நாடு முழுவதும் பரவியது. பள்ளிகளை மூடினார்கள். சிறு பிள்ளைகள் மறுபடியும் பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1 அன்றுதான்.

"கொரோனா வயதானவர்களைத்தான் பிடிக்கும். குழந்தையை ஒன்றும் செய்யாது" என்று அப்போது பலர் சொன்னார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கும் இந்த நோய் தொற்றும். ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போகும். காய்ச்சல், சளி, இருமல் வரும். சிலருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும். சில நாட்களில் சரியாகிவிடும். கிருமி மூக்கில் நுழைந்ததுமே குழந்தையின் உடம்பு சட்டென்று எதிர்த்துப் போராடுகிறது. அதுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு வயது ஆகாத குழந்தை, பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ள குழந்தை, இவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

2020 ஏப்ரலில் இங்கிலாந்து டாக்டர்கள் ஒரு புதுமையைப் பார்த்தார்கள். நன்றாக இருந்த குழந்தைகளுக்குத் திடீரென்று கடும் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. உடம்பில் தடிப்பு வந்தது. வயிற்று வலி, வாந்தி. சிலருக்கு இருதயமே பலவீனம் ஆனது. விசாரித்தால், இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு முன் கொரோனா வந்து போயிருந்தது. பிறகு கேரளத்திலும் இப்படிப்பட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

இது ஏன் வருகிறது? திருடன் ஓடிப் போய்விட்டான். காவல்காரன் மட்டும் இன்னும் தடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். அடி வீட்டுப் பாத்திரங்கள் மேல் விழுகிறது. கிருமியை எதிர்த்த சக்தி, சொந்த உடம்பையே தாக்குகிறது.

இதற்கு வைத்தியம் உண்டு. நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். ஸ்டீராய்டு கொடுப்பார்கள். இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். சீக்கிரம் கொண்டுபோனால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுவார்கள்.

2022க்குப் பிறகு இது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் கொரோனாக் கிருமி நம்மை விட்டுப் போகவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதலில் வந்த காய்ச்சல் லேசானது. நாம் அதை மறந்துவிடுவோம். டாக்டர் கேட்டால், "முன்பு ஒன்றும் இல்லையே" என்போம். அதனால் வீட்டில் யாருக்குச் சளிக்காய்ச்சல் வந்தாலும், சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதியில் எழுதி வையுங்கள். பெயரையும் எழுதுங்கள். நீங்கள்தான் இப்போது எழுதக் கற்றுவிட்டீர்களே! மூன்று நாளாகியும் குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையா? கண் சிவப்பு, தடிப்பு, வயிற்று வலி இருக்கிறதா? விதுரா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலண்டரில் உள்ளதைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

பச்சிலை வைத்தியத்துக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டியம்மாவின் ஊர் இது. மூலிகையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கடையில் ஆஸ்பிரின் வாங்கியும் கொடுக்காதீர்கள். அது குழந்தைக்கு ஆபத்து.

தாய்க்குக் கொரோனா வந்தால் பால் கொடுக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். கொடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. முகக்கவசம் போட்டுக்கொள். பாலை நிறுத்தாதே.

இன்னும் ஒன்று பாக்கி. நோய் இருக்கும்போதே குழந்தைக்கு மூச்சு வாங்கலாம். அதை எண்ணிப் பார்க்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலா குழி விழுந்தாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் அப்படியே. வண்டி இல்லையென்றால் 108க்குப் போன் செய்யுங்கள்.

யார் கையில் கடிகாரம் இருக்கிறது? அதோ, அக்கா மடியில் குழந்தை தூங்குகிறது. சத்தம் போடாமல் எல்லோரும் கிட்டே வாருங்கள். எண்ணிப் பார்ப்போம்.