மணலும் ஒரு பாடசாலையே
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தொடக்கப்பள்ளிச் சிறாரின் கல்விச் சுற்றுலா குறித்துச் சில சொல்ல விழைகின்றோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரின் அருகே 1952ஆம் ஆண்டில் பாலைவன அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி திறந்தவெளியே. அந்நிலத்துச் செடிகளையும் விலங்குகளையும் உயிரோடு கண்டு, பள்ளிச் சிறார் தம் மண்ணைக் கற்கின்றனர்.

நமக்கு அத்தகைய கூடம் இல்லை. ஆயினும், இராமேசுவரத்திற்கு அப்பால் தனுஷ்கோடி மணல்வெளி இருக்கின்றது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் சென்ற துறை அது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. இடிந்த தேவாலயம் வரலாற்றைக் கற்பிக்கும். மணலைப் பற்றி நிற்கும் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாவர நூலைக் கற்பிக்கும்.

அனைத்திலும் வியப்பானது ஊற்று. இருபுறமும் கடல் சூழ்ந்த அம்மணலில் சில அடி தோண்டி, மீனவர் நன்னீர் எடுக்கின்றனர். மணலுள் இறங்கும் மழைநீர், உப்புநீரினும் எடை குறைந்ததாதலால் அதன்மேல் தங்குகின்றது. மிக ஆழமாகத் தோண்டினாலோ, அளவு மீறி இறைத்தாலோ உவர்நீர் மேலேறிவிடும்.

அவ்வூற்றருகே சிறாரை அமரவைத்து மற்றொரு பாடமும் சொல்லவேண்டும். 1901ஆம் ஆண்டு வாக்கில், ஒன்பது வயதுச் சிறுவரான அண்ணல் அம்பேத்கர், தமையனாரோடும் உறவுச் சிறுவரோடும் தந்தையாரைக் காணக் கோரேகானுக்குப் புறப்பட்டார். மசூர் இரயில் நிலையத்தில் இறங்கியபின், தீண்டத்தகாதவர் என்று அறிந்ததும் வண்டியோட்ட எவரும் வரவில்லை. இருமடங்கு கூலி கொடுத்து, வண்டியையும் தாமே ஓட்டினர். கையில் உணவு நிறைய இருந்தும், தண்ணீர் தருவாரின்றி அன்றிரவு உண்ணாமலே உறங்கினர். அச்சிறுவரே 1927இல் மகாத் நகரின் சவதார் குளத்தில், ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் பருகி உரிமையை நிலைநாட்டினார். கடல்நடுவே நன்னீரைச் சுவைத்த குழந்தை இவ்வரலாற்றை மறக்காது.

ஆனால் அக்குழந்தை அங்கே சென்றடைய வேண்டுமே! கட்டணம் செலுத்த இயலாமையால், தோழர் ஏறிச்செல்லும் பேருந்தை வாயிலில் நின்று பார்க்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இன்றும் உண்டு. செல்வதும் காண்பதும் கல்வியின் பகுதி என்றால், வறுமையின் பொருட்டு அதனை மறுப்பதும் கல்வியை மறுப்பதேயாகும்.

ஆகவே, இளைஞர்களை மூன்று பணிகளுக்கு அழைக்கின்றோம். ஒன்று, ஒரு பிள்ளையும் விடுபடாவண்ணம் சுற்றுலா நிதி திரட்டுதல். இரண்டு, படித்தோர் முன்னதாகவே சென்று இடங்களை அறிந்து, வழிகாட்டிகளாக உடன் வருதல். அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையாதலால் சிறார் கடலில் இறங்காமல் காத்தலும் அவர் கடமை. மூன்று, கண்டதை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் எழுதி, ஊர்க்கூட்டத்தில் படிக்கச் செய்தல். எழுத்தறியாத பெற்றோரும் அன்று தம் பிள்ளையின் வாயிலாகத் தனுஷ்கோடியைக் காண்பர்.

இருபத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கு வழி செய்தோம். இனிப் பள்ளியிலிருந்து உலகிற்கும் வழி செய்வோம். வாழ்க கல்வி! வளர்க நம் ஒற்றுமை!