பருத்தி இழையின் சுவர்

ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், கோவில்பட்டிக்கு அருகே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பிற்கு அறிவியல் கற்பித்துக் கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவன் கை நிறையப் பருத்தியைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். "ஐயா, இது எங்கள் புஞ்சையில் விளைந்தது. போன ஆண்டுப் பருத்தியும் இதே நீளந்தான். ஆனால் வியாபாரி இதற்குப் பாதி விலைகூடத் தரமாட்டேன் என்கிறார். இழையில் என்ன குறை, ஐயா?" என்று கேட்டான். நான் இழையைப் பிரித்துப் பார்த்தேன். நீளத்தில் குறையில்லை. "மழை பொய்த்த ஆண்டல்லவா? அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். அது விடையன்று என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பருத்தி இழை என்பது யாது? அது விதையின் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். செல் என்றால் கண்ணுக்குப் புலனாகாது என்று படித்திருப்பீர்கள். இந்தச் செல்லோ ரகத்திற்கேற்ப 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை நீள்கிறது. அதன் அகலத்தைக் காட்டிலும் நீளம் ஆயிரம் மடங்குக்கும் மேல். காய் வெடித்து உலர்ந்தபின் செல்லின் உயிர்ப்பொருள் அழிந்துவிடுகிறது; சுவர் மட்டுமே எஞ்சுகிறது. நாம் உடுக்கும் பருத்தி ஆடை முழுவதும் செல் சுவர்தான்.

அச்சுவரின் முதன்மையான பொருளைப் பிரித்தறிந்தவர் பிரான்சு நாட்டு வேதியியலார் அன்செல்ம் பாயன். ஆண்டு 1838. அப்பொருளே செல்லுலோஸ். இலையில் வெயிலின் துணையால் உருவாகும் சர்க்கரை, குளுக்கோஸாகி, ஒன்றோடொன்று கோக்கப்பட்டுச் செல்லுலோஸ் ஆகிறது. அரிசியிலுள்ள மாவுப்பொருளும் குளுக்கோஸ் கோவையே. பின் ஏன் சோறு நமக்குச் செரிக்கிறது, பஞ்சு செரிப்பதில்லை? கோக்கும் முறையில்தான் வேறுபாடு. மாவுப்பொருளில் மணிகள் எல்லாம் ஒரே பக்கம் நோக்கி நிற்கின்றன. ஆகவே கோவை சுருண்டு கொள்கிறது. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக நிற்கின்றன. ஆகவே கோவை நேராக நீள்கிறது. நேரான கோவைகள் அருகருகே நெருங்கி, ஹைடிரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றி, உறுதியான நுண்ணிழையாகின்றன. அதை அறுக்கும் நொதி நம் குடலில் இல்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடம் உண்டு.

இக்கோவையைக் கோப்பது எது? செல்லைச் சூழ்ந்த மெல்லிய சவ்வில், ஆறு இதழ்ப் பூப்போன்ற நுண்ணிய அமைப்புகள் பதிந்துள்ளன. செல்லுக்குள்ளிருந்து குளுக்கோஸைப் பெற்று, வெளிப்புறத்தில் கோவைகளை நூற்று விடுபவை இவையே. ஒரு பூவிலிருந்து 18 கோவைகள் ஒருங்கே வெளிவருகின்றன என்பது இன்றைய மதிப்பீடு. வெளிவந்த கோவைகள் இறுகும்போது, அந்த உந்துதலால் பூ சவ்வின்மீது நகர்ந்து செல்கிறது. அது செல்லும் திசையைச் சவ்வின் உட்புறமுள்ள நுண்குழல்கள் காட்டுகின்றன. சிலந்தி நடந்துகொண்டே இழை விடுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதுபோலத்தான். செடிகளில் இப்பணிக்குரிய மரபணுக்கள் முதன்முதலில் இனங்காணப்பட்டது பருத்தி இழையிலேதான், 1996இல். அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் உயிருள்ள செல்லில் இப்பூக்கள் நகர்வதை 2006இல் நேரிலேயே கண்டார்கள்.

செல்லுலோஸ் மட்டும் சுவராகிவிடாது. பெக்டின், ஹெமிசெல்லுலோஸ் என்னும் வேறு சர்க்கரைக் கோவைகளும் வேண்டும். இவை சவ்வில் உருவாவதில்லை. செல்லினுள்ளே கோல்கி உறுப்புகளில் உருவாகி, சிறு பைகளில் அடைபட்டு வந்து, சுவரில் கொட்டப்படுகின்றன. கொய்யாப்பழக் கூழ் ஜெல்லியாக உறைவது பெக்டினால். புளியங்கொட்டையில் சேர்ந்திருப்பதும் ஒருவகை ஹெமிசெல்லுலோஸே. அது செல்லுலோஸை நன்கு பற்றிக்கொள்ளும். ஆதலால் புளியங்கொட்டை மாவை ஆலைகளில் நூலுக்குப் பசையாக ஏற்றுகிறார்கள்.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருகிறேன். பருத்திச் செல் தன் வேலையை இரண்டு பருவங்களாகச் செய்கிறது. பூ மலர்ந்த நாள் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம் அது நீளத்தில் வளர்கிறது. அப்போது சுவர் மிக மெல்லியது. பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும் கலந்து, இழுத்தால் நெகிழ்ந்து கொடுப்பது. அதன்பின் நீளுதல் நிற்கும். அடுத்த மூன்று நான்கு வாரம், பெரும்பாலும் செல்லுலோஸை மட்டுமே உட்புறமாகப் படிப்படியாக அடுக்கிச் செல் தன் சுவரைத் தடிப்பாக்குகிறது. எகிப்து நாட்டுப் பருத்தியை ஆராய்ந்த லாரன்ஸ் பால்ஸ் என்னும் ஆங்கிலேயர், இழையை ஊறவைத்து உப்பச்செய்து, அதன் சுவரில் நாளொன்றுக்கு ஒரு வளையம் இருப்பதை 1919இல் எடுத்துக்காட்டினார். மரத்தில் ஆண்டு வளையம் போலப் பருத்தியில் நாள் வளையம்!

அந்த ஆண்டு மார்கழியில் ஈரம் இருந்தது, பூ மலர்ந்தது, இழை நீண்டது. தையில் கரிசல் வெடித்துவிட்டது. இலைகள் வாடின, சர்க்கரை குறைந்தது, சுவர் தடிக்க வேண்டிய நாள்களில் வளையங்கள் சரிவர அமையவில்லை. நீளம் முன்பே முடிந்துபோன கணக்கு. அதில் குறை தெரியாது. குறை தடிப்பிலே இருந்தது. தடித்த இழை உலரும்போது முறுக்கிக் கொள்கிறது. அம்முறுக்கே நூற்கும்போது இழையோடு இழையைப் பற்றவைக்கிறது. தடிக்காத இழையோ வெறும் நாடாவாகத் தட்டையாகிவிடும். எளிதில் அறும், சிக்கி முடிச்சாகும், சாயமும் வெளிறியே ஏறும். வியாபாரியின் விரல்கள் அறிந்தது இதைத்தான். அந்தக் குடும்பத்தின் உழைப்பில் குறையில்லை.

இதைச் சொல்ல எனக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்பட்டிருக்காது. எங்கள் பள்ளி அலமாரியில் ஒரு நுண்பெருக்கி இருந்தது, காரச்சோடாவும் இருந்தது. அடர்ந்த காரக்கரைசலில் இட்டால் முதிர்ந்த இழை உருண்டு கோலாகும். முதிராத இழை தட்டையாகவே கிடக்கும். அரை மணி நேரத்தில் இரண்டாண்டுப் பருத்தியையும் அருகருகே வைத்துக் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. ஆண்டுத் தேர்வுக்கு முன்பே அந்த மாணவன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றான். என் விடை கிடைத்திருந்தால் அவன் நின்றிருப்பான் என்று சொல்ல மாட்டேன்; வீட்டு வறுமை அவ்வளவு. ஆனால் அவன் ஒரு கேள்வியோடு வந்தான். அந்தக் கேள்வியோடே போனான்.

உங்கள் ஊரில் பருத்தி விளையுமானால், அடுத்த பருவத்தில் நல்ல பஞ்சையும் வற்றிய பஞ்சையும் எடுத்துச் சென்று உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். காரக்கரைசல் தோலைப் புண்ணாக்கும். ஆகவே அவர் துணையோடே செய்யுங்கள். நுண்பெருக்கியில் கண்டதை, அதை விளைவித்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.